நட்சத்திர அணிக்கு ஒரு எதிரணி தேவை

கால்பந்து லீக்கின் செயலாளர் அன்று ஆபீஸிலிருந்து திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்து செல்போனை முறைத்தார். ஞாயிற்றுக்கிழமை நட்சத்திர ஆட்டம். லீக்கின் எட்டு அணிகளிலிருந்தும் பொறுக்கியெடுத்த வீரர்கள் ஒரு பக்கம், வெளியூர் அணி ஒன்று இன்னொரு பக்கம். அந்த வெளியூர் அணியில் பாதிப் பேருக்குப் பொன்னுக்கு வீங்கியாம். கன்னம் உப்பிப் படுத்திருக்கிறார்களாம். வரமாட்டார்களாம்.

ஆட்டம் நின்றுபோனால் வானம் ஒன்றும் இடிந்து விழாது. ஆனால் மறுநாளே லீக்கின் பொதுக்குழு. எட்டு அணிகளின் கேப்டன்களும் கூடிப் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுக்கிற நாள். பேக்கரிக்காரர் ஒருவர் அந்த நாற்காலி மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார். ஒரு எதிரணியைப் பிடிக்கத் துப்பில்லாதவருக்குப் பதவி ஒரு கேடா என்று அவர் வாயைத் திறந்தால் போதும், கதை கந்தலாகிவிடும்.

செயலாளருக்கு அந்தப் பதவி உயிர். ஆபீஸில் அவரைக் கண்டு யாரும் எழுந்து நின்றதில்லை. வீட்டில் அந்த ஆசைக்கே இடமில்லை. மைதானத்தில் மட்டும்தான் கையில் ஒரு மைக்கும், சட்டையில் ஒரு பேட்ஜும், “சார் வந்துட்டார்” என்று ஒரு குரலும் கிடைத்தன.

கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிற அவர் மனைவிக்கு வேறு எரிச்சல். நட்சத்திர அணியை அறிவித்த நாளிலிருந்து, இடம் கிடைக்காதவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தால் செயலாளர் போனை அவள் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் பாய்ந்து குழாயைத் திறந்துவிடுவார். அவர் குளிக்கிறார் என்று அவள் சொல்வாள். ஒரே நாளில் இத்தனை தடவை குளிக்கிற மனுஷரைப் பற்றி ஊரார் என்ன நினைத்தார்களோ.

“லீக்லயே அதிகமா கோல் போட்டது அந்த எலக்ட்ரீஷியன் தம்பிதானாமே. அவரை ஏங்க விட்டீங்க?” என்றாள்.

“அதெல்லாம் உனக்குப் புரியாது. அனுபவத்துக்கு மதிப்பு கொடுக்கணும்.”

“எட்டு கேப்டன், மூணு துணைக் கேப்டன். ஓட்டுப் போடற எட்டுப் பேரும் நட்சத்திரம்.”

செயலாளர் தண்ணீர் குடித்தார். அவருடைய நட்சத்திரங்களில் பலருக்குக் குனிந்தால் சொந்தக் கால் தெரியாது. அது அவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

இரண்டு நாள் ஊரெல்லாம் அலைந்தார். தீயணைப்பு நிலையத்தில் கேட்டார். சந்தோஷமாக வருகிறோம், ஆனால் நடுவில் மணி அடித்தால் கோல்கீப்பர் உள்பட எல்லோரும் வண்டி ஏறிவிடுவோம், பரவாயில்லையா என்றார்கள். கல்லூரியில் பரீட்சை. வங்கிக்காரர்கள் அடுத்த வாரம் வந்து பார்க்கச் சொன்னார்கள். சனிக்கிழமை காலை அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“நான் ஒரு டீம் ஏற்பாடு பண்ணட்டுமா?” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

“விளையாட்டா இருக்கா? உனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியாது. உங்களுக்கு?”

செயலாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார். அவள் போட்டது ஒரே நிபந்தனை. யார், என்ன என்று ஆட்டம் தொடங்கும்வரை கேட்கக் கூடாது.

“வேணும்னா நீங்களே பிடிச்சதா சொல்லிக்கோங்க. எனக்கு எதுக்குப் பேரும் புகழும்?” என்றாள்.

 இப்படிப்பட்டவளிடம் போய் எரிந்து விழுந்தோமே என்று அவர் மனம் இளகி, மீதித் துணியைத் தானே மடித்தார். அவள் அதைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். கேப்டன்களின் மனைவி மக்கள், மாமியார் மாமனார் எல்லாம் வந்திருந்தார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, இந்த எதிரணியை ஊர் ஊராகத் தேடித் தன் கையாலேயே பொறுக்கியெடுத்ததாக முழங்கினார். கைதட்டல் ஓயுமுன் எதிரணி இறங்கியது. மருத்துவமனை முகாமுக்குத் தைத்த பச்சைச் சட்டை, நெஞ்சில் பெரிய கண் படம். முன்னால் ஓடி வந்தவர் எலக்ட்ரீஷியன். கோலுக்குள் போய் நின்றவர், ஒரு பந்தையும் விடாத பஸ் டிரைவர். செயலாளர் கழித்துக் கட்டிய அத்தனை பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். அவர் அவசரமாக மைக்கை அணைத்தார்.

அப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. நட்சத்திர அணியில் எல்லோரும் கேப்டன். எல்லோரும் உத்தரவு போட்டார்கள், ஓடத்தான் ஆள் இல்லை. கேப்டன்களின் மாமனார்கள் கண்ணெதிரே எலக்ட்ரீஷியன் கோல் மேல் கோலாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் செயலாளர் மனைவியிடம் ஓடினார். “அடிப்பாவி, இவங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?”

“நீங்க குளிக்கப் போனப்பல்லாம் இவங்க விளையாட ஒரு சான்ஸ் கேட்டாங்க. நீங்க எதிரணி கேட்டீங்க. நடுவுல போனை எடுத்தவ நான் ஒருத்திதானே.”

ஏழுக்குப் பூஜ்யம். மறுநாள் பொதுக்குழுவுக்குக் கேப்டன்கள் நொண்டிக்கொண்டே வந்தார்கள். எதிரணியைத் தன் மனைவிதான் பிடித்தாள் என்று செயலாளர் சொல்லிப் பார்த்தார். நீங்கள்தான் என்று மைக்கில் சொன்னீர்களே என்றார்கள். பேக்கரிக்காரர் புது வேட்டி சட்டையில் எழுந்து நின்றார். அதற்குள் ஒரு கேப்டன் முந்திக்கொண்டார். நடுவர் வராத அன்றைக்கும், மைதானத்தைக் கல்யாண வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்ட அன்றைக்கும் நமக்குப் போனில் வழி சொன்னது யார், சார் வீட்டு அக்காதானே, அவரையே செயலாளராக்குவோம் என்றார். அவருக்கு விளையாட்டே தெரியாதே என்று பேக்கரிக்காரர் பதறினார். சாருக்கு மட்டும் தெரியுமா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எட்டுக் கைகளும் உயர்ந்தன.

செயலாளர், அதாவது முன்னாள் செயலாளர், வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்குச் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

“முடியாதுன்னு சொல்லிட்டே இல்ல?”

“பாவம், அத்தனை பேர் கேக்கறாங்க. சரின்னுட்டேன்.”

அவர் நாற்காலியில் சரிந்தார்.  பிறகு, “எனக்கு ஒரு துணைச் செயலாளர் பதவியாவது குடேன்” என்றார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆள் எடுக்கறதுல அவசரப்படக் கூடாதுங்க. இப்போதைக்கு உங்களை ரிசர்வ்ல வெச்சிருக்கேன்.”