மாடியறையில் ஓடிய தஞ்சாவூர் வண்டி

நாற்காலியை விட்டு எழாமலே காரைக்காலிலிருந்து தஞ்சாவூருக்கு ஆயிரம் முறை தொடர்வண்டி செலுத்திய பெருமகன் இப்புவியில் ஒருவரே. அவர் காரைக்காலில் எங்கள் வீட்டு மாடியறையில் மூன்றாண்டுகள் குடியிருந்தார். கோட்டுச்சேரிக்காரர். பகலில் கைப்பேசிக் கடையில் வேலை. மாலையிலும் ஞாயிறுகளிலும் கணினியில் தொடர்வண்டி ஓட்டும் விளையாட்டு. தொடர்வண்டி உதவி ஓட்டுநர் பணிக்கு அவ்விளையாட்டே தலைசிறந்த பயிற்சி என்பது அவர் துணிபு. தொடர்வண்டி ஓட்டுநருக்கு அத்துறையில் 'லோகோ பைலட்' என்று பெயர்; தெரு அவரைப் 'பைலட்டு' என்று அழைத்தது.

விளையாட்டில் நம் ஊர்த் தடம் இல்லை. இருந்தது ஏதோ ஒரு மேலைநாட்டு மலைப்பாதை. பைலட்டு தளரவில்லை. அந்நிலையங்களுக்கு வரிசையாக நம் பக்கத்துப் பெயர்களைச் சூட்டிவிட்டார்.

"ஐயா, நாகூர்ல பனி கொட்டுதுங்க! வண்டி அரைமணி லேட்டு!" என்று மாடிப்படியில் அறிவிப்பு இறங்கி வரும்.

என் துணைவியார் காபியோடு போனால் பைலட்டு திரும்பியும் பாரார். "இப்ப வேணாம்மா, வண்டி ஓடுதுல்ல. திருவாரூர்ல ரெண்டு நிமிசம் நிக்கும், அப்பக் குடுங்க."

"திருவாரூர் எப்பப்பா வரும்?"

"இன்னும் இருவது நிமிசங்க."

துணைவியாரும் காத்திருந்து, சுடவைத்து, திருவாரூருக்கு எடுத்துச் செல்வார்.

கடவுப்பாதை வரும்போதெல்லாம் ஒலிப்பான் முழங்கும். எதிர்வீட்டில் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமை உறக்கம் அதனால் சிதறும்.

"டேய் பைலட்டு, என் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல எவன்டா ரயில்வே கேட்டு போட்டது?"

"ரூல் அப்படிங்க மாமா! ஊதலன்னா மாடு அடிபட்டுரும்!"

"இங்க தெனம் அடிபடுற மாடு நான்தான்டா!"

வண்டியின் முன்னறையில் இருவர் இருப்பர். கைகாட்டி விளக்கின் நிறத்தை உதவியாளர் உரக்கச் சொல்ல, ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது அத்தொழிலின் மரபு. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியனாகிய நான், முதல் மாதத்திலேயே அவருக்கு உதவியாளனாக நியமனம் பெற்றேன். அதன்பின் நான் மாடியேறாமல் வண்டி புறப்படாது என்றாகிவிட்டது. "பச்சை" என்பேன், "பச்சை!" என்பார். வகுப்பறையில் நாற்பது குரல்கள் தராத மதிப்பை அந்த ஒற்றைக் குரல் என் சொல்லுக்குத் தந்தது.

வயது வரம்பின்படி அவருக்கு அது கடைசி வாய்ப்பு. எழுத்துத் தேர்வுகளில் தேறிவிட்டார். மருத்துவச் சோதனை ஒன்றே எஞ்சியிருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு, உண்ட மயக்கத்தில், எரிந்தது சிவப்பாயிருக்க என் வாய் "பச்சை" என்றது.

"பச்சை!" என்று வேகத்தைக் கூட்டினார்.

"ஐயையோ, சிவப்பு! சிவப்பு!"

தடைவிசையை அழுத்தினார். வண்டி விளக்கைத் தாண்டிப் போய் நின்றது.

"நீங்கதானேய்யா பச்சைன்னீங்க?"

"நான் உளறினால், உமக்குக் கண் இல்லையா?"

அவர் விழித்தார். என் சட்டைப்பையிலிருந்த சிவப்பும் பச்சையுமான இரண்டு பேனாக்களை நீட்டி, சிவப்பு எது என்று கேட்டேன். நெடுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானேய்யா இருக்கு?"

இத்தனை நாளும் அவர் வண்டியோட்டியது விளக்கைப் பார்த்து அன்று. என் குரலைக் கேட்டு.

மறுநாள் கண் மருத்துவரிடம் போய் வந்தார். "செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதாம், பொறந்ததுலேர்ந்தே இருக்காம்யா. மெடிக்கல்ல தேறாதாம். நம்ம வண்டி கேன்சலு" என்று சிரிக்க முயன்றார். அவர் பின்னாலேயே நானும் மாடியேறினேன்.

கணினியை அவர் அணைத்திருக்கவில்லை. முந்தைய நாள் நின்ற இடத்திலேயே வண்டி நின்றுகொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"ஏத்துன சனத்த நடுவழியில எறக்கிவிட முடியாதுங்கய்யா. தஞ்சாவூர் வரைக்கும் சொல்லுங்க."

சொன்னேன். ஒரு விளக்கும் தவறவில்லை. ஒலிப்பான் வழக்கம்போல் முழங்கியது. திருவாரூரில் காபி ஆறாமல் வந்து சேர்ந்தது.

பின்னர் நிறப் பார்வை கேட்காத, வயது வரம்பு கூடுதலான வேறொரு தேர்வெழுதி, இன்று வடக்கே ஒரு நிலையத்தில் பயணச்சீட்டு வழங்குகிறார் பைலட்டு. நான் காரைக்காலில் வண்டியேறும்போதெல்லாம் சன்னலோரம் அமர்கிறேன். கைகாட்டி விளக்கு கண்ணில் பட்டதும் "பச்சை" என்று மெல்லச் சொல்லிவிட்டு, மறுகுரலுக்காகச் சற்றே காத்திருக்கிறேன்.