ஒன்பதரைச் சேலைக் கோட்டை

முழுசாக நிற்கும் கட்டடம் எதையும் கோட்டை அண்ணன் தம் வாழ்நாளில் மதித்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த மைத்துனர் மகால் அரண்மனையைப் பார்க்க ஆசைப்பட்டதற்கு, "அதுக்கு என்ன மாப்ள, அது நல்லாத்தான நிக்குது" என்று சொல்லி, ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டை மண்டபத்துக்குக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்தினார். அங்கே மூன்று தூண்கள் இருந்தன. நாலாவது தூண் இருந்த இடத்தைத்தான் அரைமணி நேரம் காட்டினாராம்.

எழுபதுகளின் கடைசியில் கப்பலூரில் போல்ட்டு, நட்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். நான் பாக்கிங்கில் இருந்தேன். அவர் நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் சம்சாரம் புளிச்சோறு கட்டிக்கொள்ள, பாக்கிங் பெண்கள் நாலைந்து பேர் அவர் பின்னால் பஸ் ஏறுவோம். சினிமாவுக்கு விடாத வீடுகளில்கூட, "கோட்டை அண்ணன் குடும்பத்தோட" என்றால் விட்டுவிடுவார்கள்.

ஒருதரம் சமயநல்லூர் தாண்டி, "ராசா காலத்துக் காவல் கோபுரம்" என்று முள்ளுக்குள் நடக்க வைத்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "அது எங்க மாமன் போட்ட செங்கச் சூளையில்ல" என்றார். எங்களோடு வந்த பேச்சியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னண்ணே, ராசா இங்க செங்கலா அறுத்தாரு?"

அண்ணன் அசரவில்லை. "ராசாவா இருந்தாலும் வீடு கட்டச் செங்கல் வேணும்ல? நடங்க!"

இப்படி ஊரெல்லாம் அலைந்தவருக்குக் கடைசியில் கப்பலூரிலிருந்து நடந்துபோகிற தூரத்திலேயே நிஜக் கோட்டை ஒன்று கிடைத்தது. கரிசல் காட்டுக்கு நடுவே மேற்குச் சுவர் மட்டும் இடுப்பளவுக்கு நின்றது. மனிதர் அன்று சோறே தின்னவில்லை. உடனே அளந்தாக வேண்டும் என்றார். டேப் இல்லை. சம்சாரத்தின் முந்தானையைப் பார்த்தார்.

"கட்டுன சேலையவா கேக்குறீக? வெக்கங்கெட்ட மனுசா!"

காலையில்தான் டவுனில் நான் ஒரு சுங்குடிச் சேலை வாங்கியிருந்தேன். மடிப்புக் கலையாமல் பையில் இருந்தது. "தாயி, அதக் கொஞ்சம் குடு" என்றார். எனக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. கொடுத்தேன். ஒரு நுனியை அவர் பிடிக்க, மறு நுனியை நான் பிடிக்க, சுவர் சரியாக ஒன்பது சேலை நீளம் வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி போனோம். அதே சேலையைத்தான் கொண்டுவர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அளவுகோல் மாறக் கூடாது தாயி." இந்தத் தடவை ஒன்பதரை வந்தது. அண்ணன் சுவரைச் சுற்றி ஓடினார். "மழை மண்ணக் கரைச்சிருச்சு! அரைச் சேலைச் சொவரு வெளிய வந்துருச்சு! இன்னும் எம்புட்டு உள்ள கெடக்கோ!"

சுவர் எங்கேயும் வெளியே வரவில்லை. முதல் தடவை அளந்ததில் சேலை பூராவும் கரிசல் மண். துவைத்துப் போட்டேன். புதுச் சுங்குடி முதல் தண்ணீரில் சுருங்காமல் என்ன செய்யும்? கட்டிக்கொண்டபோதே கொசுவத்தில் ஒரு மடிப்புக் குறைந்தது எனக்குத் தெரியும். ஆனால் அவர் அப்படிச் சந்தோஷப்படும்போது எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அதற்குள் ரோடு போடுகிறவர்கள் லாரியோடு வந்து அந்தச் சுவரில் கல் பெயர்க்க ஆரம்பித்தார்கள். அண்ணன் மேலதிகாரிகளுக்கு மனுப் போட்டார். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். சுற்றிலும் லாரி ஆட்கள், ஊர் ஆட்கள். அதிகாரி மனுவைப் படித்தார்.

"ஏய்யா, மொதல்ல ஒம்பது சேலைங்குற. கீழ ஒம்பதரைங்குற. சொவரு என்ன சொரக்கொடியா, மழைக்கு வளர?"

லாரி ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அண்ணன் பதறிப்போய்த் திரும்பினார். "நான் மட்டும் அளக்கலங்கய்யா. மறு நுனியப் புடிச்ச பிள்ள இந்தா நிக்குது. அதக் கேளுங்க."

"ஏம்மா, நீதான் பிடிச்சியா? சொல்லு."

அத்தனை கண்ணும் என்மேல். 'ஐயா, சேலைதான் சுருங்கிப்போச்சு, சுவர் நிஜம்' என்று சொன்னால் போதும். தெரிந்தே மறைத்தவள் என்று அண்ணன் நினைப்பாரே என்ற பயம். பேச்சியம்மா விலாவில் இடித்தாள். "வாயில என்னடி கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்!" நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சரிதான்" என்று அதிகாரி மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பதினைந்து நாளில் சுவர் இருந்த இடம் தெரியவில்லை.

அதிகாரி வந்துபோன அன்று வீடு திரும்ப பஸ்ஸில் ஏறியதும் அண்ணன் என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். நான் அழுதுகொண்டே வந்தேன். "பேச வரலேன்னா விடு தாயி" என்றார். "அந்தச் சொவரும்தான் இம்புட்டு வருசமா ஒரு வார்த்த பேசல. அதுமேல எனக்குக் கோவமா வந்துச்சு?"

அதன்பிறகு அவர் எங்களை எங்கேயும் கூட்டிப் போகவில்லை. ஸ்டோரில் நட்டு எடுக்கப் போகும்போதெல்லாம் சேலை விஷயத்தைச் சொல்லிவிட நினைப்பேன். "வா தாயி" என்று சிரிப்பார். நட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மழைதான் அந்த அரைச் சேலைச் சுவரைக் காட்டிக்கொடுத்தது என்று நம்பிக்கொண்டேதான் அவர் கண்ணை மூடினார்.

சொல்லியிருந்தால் அன்றைக்கு என்னைத் திட்டியிருப்பார். உங்கள் வாயால் ஒரு திட்டு வாங்கியிருக்கலாம், அண்ணே.