சாம் ஏத்தம்பழம் தின்ன நாள்

அன்றைக்கு எனக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். சாமுக்கு ஏத்தம்பழம், அதாவது நேந்திரம்பழம், அவித்துக் கொடுக்க வேண்டும்.

சாம் என் மகன். ஏழு மாசம். அதுவரைக்கும் மாமி, ஏத்தங்காய்ப் பொடியைக் கஞ்சியாகக் காய்ச்சி, மடியில் கிடத்தி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனோ கரண்டியைப் பிடுங்க ஆரம்பித்திருந்தான். கையில் கொடுத்தால் தானே தின்பான் என்று எனக்குத் தோன்றியது.

மாமியிடம் மெல்லக் கேட்டேன்.

"கையில குடுக்கவா? தொண்டையில அடைச்சுன்னா யாருட்டி பதில் சொல்லது?"

"மெத்துன்னு அவிச்சுதான் மாமி, விரல் நீளத்துக்கு..."

"ஒனக்க கான்வென்டு படிப்பெல்லாம் எனக்க பேரன்கிட்ட வேண்டாம்."

மாமி துணி அலசக் குளத்துக்குப் போனாள். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

நன்றாகப் பழுத்த ஏத்தன். ஆவியில் வேக வைத்து, நடுவில் இருக்கும் கறுப்பு நாரைக் கீறி எடுத்து, விரல் நீளத்துக்கு நறுக்கினேன். இரண்டு விரலால் அமுக்கினால் குழைகிறதா என்று பார்த்தேன். குழைந்தது. பயத்தில் அப்படிப் பார்த்துப் பார்த்தே ஒரு பழம் தீர்ந்துபோனது. இன்னொன்று அவித்தேன்.

சாமைப் பாயில் நேராக உட்கார வைத்து ஒரு துண்டை நீட்டினேன். முதலில் காதில் தேய்த்தான். பிறகு தலையில். வாய் என்று ஒன்று இருப்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

சப்பினான். சிரித்தான். திடீரென்று முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர். ஓக்காளம்.

கான்வென்டில் சுகாதாரப் பாடத்துக்கு முதல் பரிசு எனக்குத்தான். ஆபத்து நேரத்தில் பதறக் கூடாது என்று இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதியவள் நான். அந்தப் பக்கம் அப்படியே மறந்துபோனது. மாமியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கைக்கு அகப்பட்ட பித்தளைத் தட்டை எடுத்து அகப்பையால் அடித்தேன். விடாமல் அடித்தேன்.

இங்கே எங்கள் ஊர் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையாள அரசாங்கத்தின் கீழ் இருந்த பாறசாலைப் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கணும் என்று ஊர்வலம் போன ஆண்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த காலம் அது. சாமுக்க அப்பாவும் அதில் உண்டு. போலீஸ் வந்தால் பெண்கள் தட்டைக் கொட்ட வேண்டும். கேட்ட வீடும் கொட்ட வேண்டும். ஆண்கள் ஓடிவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

எதிர்வீட்டில் கொட்டினார்கள். அடுத்த தெருவில் கொட்டினார்கள். எங்கள் சபையின் கோயில்பிள்ளை, தேவாலய மணியையே அடித்துவிட்டார்.

பின்வாசலில் சவரம் செய்துகொண்டிருந்த சாமுக்க அப்பா, முகத்துச் சோப்போடு வேலியைத் தாண்டினார்.

"நில்லுங்க, பிள்ளைக்கு..."

"நான் வீட்டுல இல்லேன்னு சொல்லு!"

மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் மறைந்தே போனார்.

உதவிக்கு ஒரு ஆள் வரவில்லை. தெரு முழுக்கக் கதவைச் சாத்திவிட்டது. வந்தது பக்கத்து வீட்டு சரோஜினி சேச்சி மட்டும்தான். மலையாளக்காரி, ஆகவே எங்கள் ஏற்பாடு அவளுக்குத் தெரியாது.

"எந்தா கொச்சே, ராவிலே பாத்திரக் கச்சவடமோ?" காலையிலேயே பாத்திர வியாபாரமா என்கிறாள்.

"சேச்சி, சாமுக்குத் தொண்டையில..."

இருவரும் திரும்பிப் பார்த்தோம். சாம் அந்தத் துண்டைத் தானாகவே வெளியே தள்ளியிருந்தான். அதையே எடுத்து மறுபடியும் தின்றுகொண்டிருந்தான். நான் தட்டு அடிப்பதை நிறுத்தியதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அவனுக்கு ஒன்னும் இல்லா. ஓக்கானிச்சு, துப்பி, பின்னயும் தின்னுது. நினக்காணு இப்ப குடிக்கான் வெள்ளம் வேண்டியது." தண்ணீர் எனக்குத்தான் வேண்டுமாம்.

மாமி ஈரச் சேலையோடு ஓடி வந்தாள். நடந்ததைக் கேட்டாள். பேரன் தலையில் இருந்த பழத்தை விரலால் வழித்துக்கொண்டே அவன் தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு துண்டை அவன் கையில் தானே வைத்தாள்.

"அவன் தின்னுவான்ட்டி. ஒனக்காக்கும் இன்னும் கஞ்சி காய்ச்சி ஊட்டணும்."

மாமி தோட்டத்துப் பக்கம் போய் மகனையும் கூப்பிட்டுப் பார்த்தாள். போலீஸ்தான் மிரட்டிக் கூப்பிடச் சொல்கிறது என்று நினைத்து அவர் அசையாமல் இருந்துவிட்டார்.

விளக்கு வைத்த பிறகு பின்வாசலில் ஒரு தலை தெரிந்தது. ஒரு கன்னத்தில் தாடி, மறு கன்னத்தில் மண்.

"போயிட்டானுவளா?"

"யாரு?"

"போலீசு. எத்தன பேரு வந்தானுவ?"

"ஒருத்தன்தான்" என்றேன். "ரெண்டு பல்லு உண்டு. இப்பதான் தூங்கினான்."