அவ்வளவுதான் சாரின் கடைசி வரி

ஆரம்பித்த பேச்சை முடிக்க வேண்டும் என்ற பழக்கத்தைச் செஞ்சிக்குக் கொண்டுவந்தவர் ஒரே ஒருவர்தான். மிகைப்படுத்துகிறேனோ என்று இரண்டு முறை யோசித்துவிட்டேன். உண்மைதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில், இரண்டே கம்ப்யூட்டர் இருந்த பயிற்சி நிலையத்தில் அவர் எங்களுக்கு சி மொழி சொல்லித்தந்தார். நாம் "அவ்ளோதான்" என்று சொன்னால்தான் பேச்சு முடிந்ததாக எடுத்துக்கொள்வார். அதுவரை முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார். அதனால் அவருக்கு அவ்வளவுதான் சார் என்றே பெயர். கீழே டீக்கடை பாய் முதல் நாளே மாட்டிக்கொண்டார்.

"சார், டீ வேணுமா?"

பதில் இல்லை.

"சர்க்கர போடட்டா?"

பதில் இல்லை.

"இன்னா சார், காது கேக்கலயா? அவ்ளோதான், நான் போறேன்."

"வேணும். போடுங்க," என்றார் சார், இரண்டு கேள்விக்கும் சேர்த்து.

ஒரு கண்டக்டர் திண்டிவனம் வரை அவரிடம் டிக்கெட் கேட்டுக்கொண்டே போனதாகவும் சொல்வார்கள். அது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

ஃபைலை வரி வரியாகப் படிக்க அவரே சி மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது எங்கள் புரோகிராம்களில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல், எழுதி வைத்திருந்தார். ஃபிளாப்பித் தட்டிலிருந்து எழுத்து எழுத்தாக எடுத்தால் பொழுது போய்விடும். அதனால் அது ஒரே தடவையில் ஐநூறு எழுத்துக்குமேல் அள்ளி பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு வரியாகக் கொடுக்கும்.

"கொழாய்ல அண்டாவ ரொப்பிக்கினு வந்துட்டா, வூட்ல சொம்பு சொம்பா மொண்டுக்கலாம். ஒவ்வொரு சொம்புக்கும் கொழாய்க்கு ஓடுவீங்களாம்மா?"

நான் ஓடக்கூடியவள்தான். குழாயை மூடினேனா என்று பார்க்கவே நான்கு முறை போவேன். அவரிடம் சொல்லவில்லை.

எட்டு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்தவள் நான். ஒரு மருத்துவமனை, தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகளின் பட்டியலை அச்சிட்டுத் தரச்சொல்லிக் கேட்டது. சரியாகச் செய்துகொடுத்தால் அங்கேயே வேலை என்றார் நிலையத்தின் முதலாளி. சாரின் லைப்ரரியை வைத்துப் புரோகிராம் எழுதினேன். நான் தட்டியது நாற்பத்தொரு பெயர். அச்சில் வந்தது நாற்பது. கடைசியாகத் தட்டிய மேல்சித்தாமூர்க் குழந்தையைக் காணோம்.

மூன்று முறை எண்ணினேன். புரோகிராமை முழுக்க அழித்துத் திரும்பத் தட்டினேன். நாற்பதுதான். முதலாளி வர அரை மணி இருக்கும்போது சாரிடம் போனேன்.

"சார், உங்க லைப்ரரில தப்பு இருக்குமோன்னு... இல்ல, என் தப்பாதான் இருக்கும்..."

காத்திருந்தார்.

"அவ்ளோதான் சார்."

ஃபைலைத் திறந்து பார்த்தார். கடைசிப் பெயருக்குப் பிறகு நான் என்டர் தட்டியிருக்கவில்லை. வரி முடிந்த அடையாளம் வரும் என்று லைப்ரரி காத்திருந்தது. ஃபைலே முடிந்துபோனது. அந்தப் பெயரை பஃபருக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது.

"ஒரு என்டர் தட்டிடறேன் சார். அவ்ளோதான்."

"வேணாம்மா. தப்பு என்னுது. வரி முடியலன்னா இன்னா, கொழந்த இருக்குது இல்ல? வந்த வரைக்கும் எடுத்துக் குடுத்துடணும்."

லைப்ரரியில் நான்கு வரி சேர்த்தார். நாற்பத்தொன்று வந்தது. எனக்கு வேலையும் வந்தது.

போன வருடம் என் கணவருக்கு மாற்றலானது. சொல்லிக்கொண்டு போக மாடியேறினேன்.

"சார், அன்னிக்கு நீங்க மட்டும் இல்லன்னா நான்..."

முடிக்க வேண்டிய அந்த "அவ்ளோதான்" வரவில்லை.

சார் காத்திருக்கவில்லை.

"முடியலன்னா இன்னா, வந்துடுச்சும்மா," என்றார்.