தேங்காய் விலை இறங்கும் என்று நான் சொன்ன கல்யாணம்

புதிய சனாதிபதி ஒருவர் பதவியேற்றால் நாட்டில் முதலில் மாறுவது அவருக்கு வாக்களித்தவனின் நடைதான். என் நடையும் மாறியிருந்தது. கல்முனை பஸாரில் போன் திருத்தும் சின்னக் கடை வைத்திருப்பவன் நான். அந்த முதல் சில மாதங்களும் அமைச்சரவையே என்னைக் கேட்டுத்தான் கூடுகிறது என்ற நினைப்பில் திரிந்தேன். திரை உடைந்து வந்தவர்களுக்கெல்லாம் பொருளாதாரம் விளக்கினேன். (சிலர் போனை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.)

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அதனால் நான் நற்பிட்டிமுனையில் மாமாவின் வளவுக்குள், மனைவி பஸ்மினாவின் வீட்டில் வாழ்கிறேன். மாமா என்றால் பஸ்மினாவின் வாப்பா. பழைய அரசியலில் ஊறியவர். தேர்தலில் அவரது ஆட்கள் தோற்று, என்னுடைய ஆள் வென்றிருந்தார். அப்படியிருந்தும் பஸ்மினாவின் தங்கை நுஸ்ராவின் கல்யாணத்துக்கு வேலை பிரித்தபோது தேங்காய்ப் பொறுப்பை என்னிடமே தந்தார்.

அது சின்னப் பொறுப்பில்லை. எங்கள் கல்யாணச் சோறு தேங்காய்ப் பாலில் வேகும். இறைச்சிக்கும் பால், பருப்புக்கும் பால். அந்த நேரம் பார்த்து நாட்டில் தேங்காய்க்குத் தட்டுப்பாடு. விலை கேட்டால் வியாபாரியே நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டான்.

"இப்பவே வாங்கி வெச்சிடுங்க மருமகன்" என்றார் மாமா.

"கொஞ்சம் பொறுங்க மாமா. கல்யாணத்துக்குள்ள வெல இறங்கிடும்."

"ஆரு செல்ற?"

"புது அரசாங்கம் மாமா. இனி எல்லாம் இறங்கும்."

(சனாதிபதி தேங்காயைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அவர் சார்பில் நானே சொன்னேன். ஓட்டுப் போட்டவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா?)

நான் பொறுத்தேன், விலை பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் சந்தைக்குப் போனால் தேங்காய் லொறியே வரவில்லை. காரைதீவில் தென்னந்தோட்டம் வைத்திருக்கும் கூட்டாளி சிவாவிடம் ஓடினேன்.

"போன கிழம கேட்டிருந்தா முழுக்கத் தந்திருப்பன் மச்சான். முந்தநாள் கொழும்பால வந்து அள்ளிக்கொண்டு போயிட்டாங்க" என்றான் சிவா.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எங்கள் கடற்கரை மண்ணில், எங்கள் உப்புக் காற்றில் காய்த்த தேங்காய்க்குக் கொழும்பில் என்ன வேலை? அங்கே யாருடைய கல்யாணம்? இதை நான் சிவாவிடம் நீண்ட நேரம் கேட்டேன். அவன் தன் வீட்டுச் சமையலுக்கு வைத்திருந்த நாலு தேங்காயைக் கையில் தந்து என்னை அனுப்பிவைத்தான்.

திரும்பி வரும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. ஊரில் வளவுக்கு ஒரு தென்னையாவது நிற்கிறது. வீட்டுக்கு இரண்டு தேங்காய் கேட்டால் போதாதா? ஓட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மக்கள் சக்தி என்றால் என்னவென்று மாமாவுக்குக் காட்டிவிடும் ஆவேசம் எனக்கு.

முதல் வீடு ஹாஜரா ராத்தாவுடையது. சந்தோஷமாக இரண்டு தேங்காய் எடுத்துத் தந்துவிட்டு, "கல்யாணம் எப்ப தம்பி?" என்று கேட்டார்.

"நாளைக்கு ராத்தா."

"ஓ" என்றார் ராத்தா.

அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாண வீட்டுக்கென்று ஒரு வீட்டில் பொருள் வாங்கிவிட்டு அந்த வீட்டைக் கூப்பிடாமல் வர எங்கள் ஊரில் எவனாலும் முடியாது. "குடும்பத்தோட வந்துடுங்க ராத்தா" என்றேன். ஒரு வீட்டுக்குச் சொன்னதை அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் இருக்கலாமா? சொன்னேன். அந்த ஒழுங்கை முழுக்க, வீடு வீடாகச் சொன்னேன். அடுத்த ஒழுங்கையிலும் சொன்னேன்.

பின்னேரம் முற்றத்தில் குவிந்த தேங்காயைப் பார்த்து, "பரவாயில்ல மருமகன்" என்றார் மாமா. ஏழு வருட வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அன்றுதான். அந்த மகிழ்ச்சியில் கூப்பிட்ட கதையை அவருக்குச் சொல்ல மறந்துபோனேன். (சரி, சொல்லவில்லை.)

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் அக்கம்பக்கத்தாருக்குச் சாப்பாடு, தொழுகைக்குப் பின் சம்மாந்துறையிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு நிக்காஹ்வும் விருந்தும் என்பது ஏற்பாடு. அக்கம்பக்கம் வந்தது. பிள்ளை குட்டிகளோடு, விருந்துக்கு வந்து நின்ற சொந்தக்காரர்களோடு வந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். "இது எங்கட வளவுத் தேங்காப் பால், ருசியப் பாருங்க" என்று ஒருவர் மற்றவருக்கு ஊட்டாத குறை. சோற்றுக் கிடாரத்தின் அடியில் அகப்பை உரசும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மாமா என்னை வேலியோரம் இழுத்துப் போனார். "நான் கூப்பிடாத சனமெல்லாம் பந்தலுக்குள்ள இரிக்கி. என்ன இது?"

"தேங்கா தந்தவங்க மாமா."

"தேங்கா வாங்க அனுப்பினா, நீங்க கல்யாணத்தையே பங்கு வெச்சிட்டீங்களே."

அந்த நேரம் மாப்பிள்ளை வீட்டு வாகனங்கள் வந்து நின்றன. வெறும் கிடாரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு மாமா வாசலில் நின்று ஸலாம் சொன்னார். மகளைக் கொடுக்கும் நாளில் அந்த மனிதரின் மானம் என் வாயால் போகப்போகிறது. எனக்கு அழுகை வந்தது.

நிக்காஹ் குத்பா உரையைக் கொஞ்சம் நீட்டும்படி மௌலவியின் காதில் சொல்லப்பட்டது. மௌலவியை வாழ்நாளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும், மிக நன்றாக நீட்டினார். அதற்குள் ஹாஜரா ராத்தா பெண்களைத் திரட்டினார். ஏழெட்டு வீட்டு அடுப்புகளில் அவசர அவசரமாகச் சோறு வெந்தது. இறைச்சிக்கு எங்கே போவது? அவரவர் வீட்டில் இருந்தது கறியானது.

மாப்பிள்ளையின் பெரியப்பா சஹனைப் பார்த்தார். வெள்ளைச் சோறு, பருப்பு, நடுவில் கருவாட்டுக் கறி. பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"கல்யாண ஊட்டில கருவாடா?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நான் சொன்னேன்: "புது ஆட்சி பெரியப்பா. எல்லாத்திலயும் எளிமை."

பெரியப்பா தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார். (நன்றாகவே சாப்பிட்டார்.) மாமா மட்டும் கையிலிருந்த சஹனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகொரு நாள் தேங்காய் விலை கொஞ்சம் இறங்கியது. ஓடிப்போய் வீட்டில் சொன்னேன். பஸ்மினாகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் கல்யாண வீடுகளில் வீட்டு மருமகன்மார் இருந்து சாப்பிடுவதில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சஹன் தூக்குவார்கள், கடைசியில்தான் சாப்பிடுவார்கள். அதுதான் மரியாதை. போன மாதம் பஸ்மினாவின் தம்பிக்குக் கல்யாணமாகி எங்கள் வீட்டில் வலீமா விருந்து. நானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் சஹனைத் தூக்கினேன். மாமா அதை என் கையிலிருந்து வாங்கினார். தோளைப் பிடித்து, வெளியூர் விருந்தாளிகளுக்கு நடுவில் என்னை இருத்தினார்.

"நீங்க இரிங்க மருமகன்" என்றார். "உங்கட சனாதிபதி வந்து பரிமாறுவார்."