எதுக்கும் அங்கிளும் முக்கால் டேங்க் பெட்ரோலும்

சிங்கப்பூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒற்றைப் பொருளை நம்பாத மனிதர் எதுக்கும் அங்கிளைப் போல இன்னொருவர் கிடைக்க மாட்டார். கிடைத்தால் முதலில் சந்தோஷப்படுபவரும் அவராகத்தான் இருப்பார், ஒன்று இரண்டாகிவிடுமே.

ஈசூனில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீடு அவருடையது. வெளியே கிளம்பினால் கையில் இரண்டு குடை, பேன்ட் பைகளில் பக்கத்துக்கு ஒரு கைக்குட்டை, இரண்டு மணிக்கட்டிலும் வாட்ச். "ரெண்டும் வேற வேற நேரம் காட்டினா என்ன அங்கிள் பண்ணுவீங்க?" என்று ஒருமுறை லிஃப்டில் கேட்டேன். "அதுக்குத்தானே தம்பி ஃபோன் இருக்கு," என்று எடுத்துக் காட்டினார். அதுவும் இரண்டு இருந்தது.

தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனால் பாதி மீன் ஒரு கடையில், மீதி அடுத்த கடையில். "எதுக்கும் இருக்கட்டும், ஒரு கடை மீன் சரியில்லன்னா?" என்பார். "ரெண்டையும் ஒரே சட்டியிலதான் கொழம்பு வைக்கிறேன். சரியில்லாத மீன் எந்தக் கடை மீனுன்னு அந்தச் சட்டிக்குத்தான் தெரியும்," என்று ஆன்ட்டி தலையில் அடித்துக்கொள்வார். எந்தப் பேச்சையும் 'எதுக்கும்' என்றே தொடங்குவதால் அதுவே அவர் பெயராகிவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்க வேண்டும், எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்ப் பூசைக்கு மைக் பொறுப்பும் அவரிடம்தான். வாசக மேடையில் இரண்டு மைக்கை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருப்பார். அப்படியும் இரண்டும் ஒரே சமயத்தில் கெட்டுப்போன ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு.

இப்படிப்பட்டவர் கார் வாங்கப் போனால் என்ன ஆகும்? பழைய காரை வைத்திருக்கும் உரிமமான சி.ஓ.இ. பத்து வருஷம் முடிந்து, வண்டியைக் கொடுத்தாக வேண்டிய நேரம் வந்தது. ஆன்ட்டியின் தம்பி சேவியருக்கும் அதே நிலைமை. மாமனும் மச்சானுமாக ஷோரூமுக்குக் கிளம்பினார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். காருக்கும் எனக்கும் அதற்கு மேல் சம்பந்தம் கிடையாது.

விற்பனைப் பையன் இரண்டு எஸ்யூவியைக் காட்டினான். ஒன்று முழு எலக்ட்ரிக். சத்தம் கிடையாது, புகை கிடையாது, பெட்ரோல் ஸ்டேஷன் பக்கமே தலைகாட்ட வேண்டாம், சார்ஜ் மட்டும் போட்டால் போதும். இன்னொன்று பிளக்-இன் ஹைப்ரிட். அதிலும் சார்ஜ் போடலாம், ஆனால் சின்ன பேட்டரி, ஊருக்குள் சுற்றத்தான் காணும். தூரப் பயணத்துக்குப் பெட்ரோல் இன்ஜின் தனியாக இருக்கிறது. எலக்ட்ரிக் வண்டியின் அருமை பெருமைகளை அவன் சொல்லி முடிக்கும்வரை அங்கிள் பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு ஹைப்ரிட் பக்கம் திரும்பினார்.

"இதுல சார்ஜ் தீர்ந்துபோனா?"

"பெட்ரோல் இருக்கு அங்கிள்."

"பெட்ரோல் தீர்ந்துபோனா?"

"சார்ஜ் இருக்கு அங்கிள்."

"ரெண்டும் தீர்ந்துபோனா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். "அப்ப பஸ் இருக்கு லா அங்கிள்," என்றான். மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பூரிப்பில் அங்கிள் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

சேவியர் எலக்ட்ரிக்கை வாங்கினார். அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்து கேன்டீனில் தே தாரிக் டீ ஆறும்வரை இவர்கள் வழக்குத்தான். "ரெண்டு இன்ஜின்னா ரெண்டு ரிப்பேர். உங்க ஹைப்ரிட்டு பேன்ட்டுக்கு மேல வேட்டி கட்டின மாதிரி மாமா," என்பார் சேவியர். "உன் வேட்டி நடுரோட்டுல அவுறும்போது தெரியும்டா மச்சான்," என்பார் அங்கிள். பாடகர் குழுவே இரண்டு கட்சியாகி, ஆல்டோ குரல் பக்கம் முழுக்க எலக்ட்ரிக் என்றும் பாஸ் குரல் பக்கம் முழுக்க ஹைப்ரிட் என்றும் பிரிந்து நின்று பாடியது.

இந்த நேரம் பார்த்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ரீட்டா, மலேசியாவில் மூவார்க்காரி. கல்யாணமும் மூவார் கோயிலில், சனிக்கிழமை மூன்று மணிக்கு. அங்குள்ள பங்குச் சாமியார் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: நாலரைக்கு அவர் அடுத்த ஊர்ப் பூசைக்குக் கிளம்பியாக வேண்டும், ஆகவே மாப்பிள்ளை வீட்டார் சிங்கப்பூர்க் கதை, ஜாம் கதை எதுவும் சொல்லக் கூடாது.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. 'மாப்பிள்ளையைக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்குவது என் பொறுப்பு' என்று அங்கிள் தானாகவே ஏற்றுக்கொண்டார். ஒரு வாரம் தூங்கவில்லை. கவலையெல்லாம் தன் வண்டியைப் பற்றி இல்லை, சேவியரின் எலக்ட்ரிக்கைப் பற்றி. "எங்கயாவது நின்னு போச்சுன்னா உங்கம்மா அதுலதானே வர்றாங்க," என்று புலம்பி, வீட்டுப் பிளக்கில் மாட்டுகிற சார்ஜர், எக்ஸ்டென்ஷன் கேபிள், இழுத்துப்போகக் கயிறு என்று சேவியரின் டிக்கியை நிரப்பினார். கடைசியில் தாலியையும் அதே வண்டியில் அம்மாவிடம் கொடுத்தார். "ஹைப்ரிட்டுதான் பெஸ்ட்டுன்னீங்க?" என்றேன். "மாப்பிள்ள ஒரு வண்டி, தாலி ஒரு வண்டி. எதுக்கும் இருக்கட்டும்," என்றார்.

காலை ஏழு மணிக்கெல்லாம் கோட்டுச் சூட்டோடு ஹைப்ரிட்டில் ஏறி உட்கார்ந்தேன். உட்லண்ட்ஸ் எல்லையில் வழக்கமான ஜாம். ஊர்ந்து ஊர்ந்து சோதனைச் சாவடியை அடைந்தோம். முன்னால் போன சேவியரின் வண்டியில் பார்க்க டேங்கே இல்லை, அதிகாரி கையசைத்து அனுப்பிவிட்டார். அடுத்தது நாங்கள். அதிகாரி குனிந்து மீட்டரைப் பார்த்தார். என் சூட்டைப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"அங்கிள், டேங்க் ஹாஃப் லா. யூ-டர்ன்."

சிங்கப்பூர் வண்டி மலேசியாவுக்குப் போக வேண்டுமானால் டேங்க் முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எலக்ட்ரிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹைப்ரிட்டுக்கு உண்டு.

"பேட்டரி ஃபுல்லா இருக்கு ஆஃபிசர். இது ரெண்டு இன்ஜின் வண்டி," என்று அங்கிள் மன்றாடினார்.

"ரெண்டு இன்ஜினும் யூ-டர்ன் பண்ணணும் அங்கிள்," என்றார் அதிகாரி, மிக மரியாதையாக.

திரும்பி வரும்போது, "எப்படி அங்கிள், உங்க டேங்க் எப்படி பாதியாச்சு?" என்று கேட்டேன். ஊருக்குள் சார்ஜிலேயே ஓட்டியதால் மாதக்கணக்கில் பெட்ரோல் செலவே ஆகவில்லையாம். பெட்ரோல் ரொம்ப நாள் கிடந்தால் கெட்டுப்போகும் என்று எங்கோ படித்திருக்கிறார். "எதுக்கும்னு பாதி டேங்குக்கு மேல போடுறதே இல்ல தம்பி," என்றார். "மச்சான் வண்டியவே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன். இன்னைக்கி ரொப்பணும்னு தோணவே இல்ல."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அப்போது இருவருக்கும் ஒரே சமயத்தில் அந்த விற்பனைப் பையன் ஞாபகம் வந்தது.

"பஸ்," என்றார் அங்கிள்.

பஸ்ஸுக்குத் தனி வழி, கார் ஜாமில் மாட்டாது. என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பெட்ரோல் போட்டு, மறுபடி ஜாமில் நின்று வருவதாகச் சொன்னார். நான் கோட்டில் ரோஜாப்பூவோடு, சனிக்கிழமை மளிகை வாங்க ஜொகூர் போகும் கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு தமிழ் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணத்துக்கா தம்பி?" "ஆமாங்க." "யாரோட கல்யாணம்?" "என்னோடதுதான்." இறங்கும்வரை அவர் எனக்கு விசிறிவிட்டார்.

ஜொகூரைத் தாண்டிக் கூலாயில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த சேவியர், என் ஃபோன் வந்ததும் பாதியில் எழுந்து ஜொகூருக்குத் திரும்பி வந்தார். வண்டியில் ஏறியபோது அவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. "கடைசியில மாப்பிள்ளைய ஏத்துனது யாரு?" என்றார். அந்தச் சிரிப்பு நெடுஞ்சாலை ஏறும்வரைதான் இருந்தது. பேட்டரி ஆயுசு குறையும் என்று அவர் எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற மாட்டார். கூலாய் போய்த் திரும்பியதில் இன்னும் கொஞ்சம் போயிருந்தது. வழியில் சார்ஜர் இருந்த இடத்தில் சிங்கப்பூர் வண்டிகளின் நீண்ட வரிசை. "ஏசிய அணைச்சிடுவோம், கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்," என்றார் சேவியர். கோட்டுக்குள் நான் வெந்தேன். அம்மா தாலிப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜெபமாலையைத் தொடங்கினார். ஒவ்வொரு மேட்டுக்கும் அம்மா குரல் உயர்ந்தது.

மூன்று அடிக்கக் கோயில் வாசலைத் தொட்டோம். பேட்டரியில் ஒட்டிக்கொண்டிருந்த துளி சார்ஜைப் பார்த்த சேவியர் அவசரமாக அங்கிளின் சார்ஜரையும் கேபிளையும் எடுத்துக் கோயில் பிளக்கில் மாட்டிவிட்டு உள்ளே ஓடிவந்தார். ரீட்டா என்னைப் பார்த்து, "மழையில நனைஞ்சியா?" என்றாள். மழை அப்போது இன்னும் வரவில்லை.

வந்தது, பிரசங்கத்தின்போது. தகரக் கூரை மேல் இடியும் மழையுமாக அடித்துக் கொட்டியது. சம்மதம் கேட்கிற கட்டத்துக்கு வந்தோம். எங்கோ 'டப்' என்றது. மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, மைக் செத்தது. கோயிலின் பழைய வயரிங்கால் எலக்ட்ரிக் எஸ்யூவியைத் தாங்க முடியவில்லை.

மழைச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேச்சே கேட்கவில்லை. சாமியார் எங்கள் காதருகே குனிந்து கத்தினார். "தம்பி, என் காதும் சரியில்ல, மழையும் விடல. நீங்க சம்மதம்னு சொல்றது எனக்கும் கேக்கணும், சாட்சிகளுக்கும் கேக்கணும். கேக்காம எப்படி கல்யாணத்த மந்திரிக்கிறது?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரைக்கு அதிக நேரம் இல்லை. ரீட்டா என் கையைப் பிடித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் வெளியே ஹார்ன் கேட்டது. போர்ட்டிகோவுக்குள் ஹைப்ரிட் வந்து நின்றது. கைக்கு ஒரு குடையோடு அங்கிள் இறங்கினார், இரண்டையும் விரிக்க மறந்து நனைந்துகொண்டே. விஷயத்தைக் கேட்டார். டிக்கியைத் திறந்தார். இரண்டாவது கேபிள் இருந்தது, ஸ்பீக்கர் பெட்டி இருந்தது, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய இரண்டு மைக்கும் இருந்தன. கேபிளின் ஒரு முனையைத் தன் வண்டியிலேயே மாட்டி, மறுமுனையை நடுப்பாதை வழியாகப் பீடம்வரை இழுத்து வந்தார். வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

"ஹலோ, ஹலோ," என்றார் அங்கிள் மைக்கில். கோயில் முழுக்க அதிர்ந்தது. கல்யாணத்தில் பாட வந்திருந்த எங்கள் ஆல்டோக்காரர்களே கை தட்டினார்கள்.

நான் சம்மதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கிப்போய், வெளியே பெட்ரோல் இன்ஜின் தானாகவே உறுமத் தொடங்கியது. கல்யாண வீடியோவில் என் குரலுக்குப் பின்னால் இன்றைக்கும் அந்த உறுமல் கேட்கும். டேங்க் அன்று கழுத்துவரை ரொம்பியிருந்தது. தாலி கட்டி முடித்தபோது சாமியாருக்கு நேரம் மிச்சமே இருந்தது.

எலக்ட்ரிக் நல்லதா, ஹைப்ரிட் நல்லதா என்று இப்போதும் நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஒன்று என்னைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்து, கோயிலை இருட்டாக்கியது. இன்னொன்று என்னை நடுவழியில் விட்டுவிட்டு, வந்து கரண்ட் கொடுத்தது. நான் எம்.ஆர்.டி. ரயிலில்தான் போகிறேன்.

போன மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லிக் கேட்க நானும் ரீட்டாவும் மேல் வீட்டுக்கு ஏறிப் போனோம். கேட்டதும் அங்கிள் இரண்டு வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்ரோல் விஷயம் இன்னும் அவர் மனதை உறுத்துகிறது என்று எனக்குத் தெரியும்.

"எனக்கும் வயசாச்சு தம்பி," என்றார். "எதுக்கும் இன்னொருத்தரையும் கேட்டு வச்சுக்கங்க."

ரீட்டா குழந்தையை அவர் மடியில் வைத்தாள். "வேணாம் அங்கிள். நீங்க ஒருத்தர் போதும்."

அங்கிள் ஒரு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபையிலிருந்தும் எடுத்தார். அன்றைக்கு அவருக்கு இரண்டுமே தேவைப்பட்டன.