முழங்கால்காரர்கள்

முழங்கால்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. மீசை, தொப்பை, சட்டைப் பையில் எழுதாத பேனா என்று நம்மைப் போலத்தான் இருப்பார்கள். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கும். மருத்துவர் முன் உட்கார வைத்து, "என்ன செய்யுது?" என்று கேட்டுப் பாருங்கள். களைப்பு, காரணமில்லாத எரிச்சல், தூங்கியும் தீராத தூக்கம், மனைவி அருகில் வந்தால் படிக்காமல் பரீட்சைக்குப் போனவன் போல ஒரு பதற்றம், இத்தனையும் தொண்டை வரை வந்து வரிசையில் நிற்கும். வாய் சொல்வதோ ஒன்றே ஒன்று:

"முழங்கால் வலி, டாக்டர்."

பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருக்கும் நம் மனிதரைப் பாருங்கள். எந்த ஓட்டுநராவது வந்து, "வண்டி ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றால் போதும், கூரைத் தகரம் அதிரும். "ஒரு மாதிரின்னா எந்த மாதிரிய்யா? மேடு ஏறும்போது இழுக்கலையா? பிரேக் போட்டா சத்தமா? கோளாறை வாயைத் திறந்து சொல்லாட்டி நான் என்ன ஜோசியமா பாக்கறது?" அருமையான கொள்கை. பேருந்துகளுக்கு மட்டும்.

வீட்டில் அவருடைய முழங்கால் இரண்டு ஷிப்ட் வேலை பார்த்தது. வெளியே கூப்பிட்டால் முழங்கால். பேச உட்கார்ந்தால் முழங்கால். ஓர் இரவு மனைவி அவர் தோளில் கை வைத்தாள். "ஐயோ, முழங்கால்!" என்றார். தோளுக்கும் முழங்காலுக்கும் என்ன உறவு என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் கண்ணாடி முன் நின்று தன் நரையையும் இடுப்பையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு கட்டினாள். அவர் காப்பாற்றிய மானத்துக்கு அவள் கட்டிய கட்டணம் இது.

டெஸ்டோஸ்டிரோன் என்பது ரத்தத்தில் ஓடும் ஓர் ஆண் சுரப்பு; அது குறைந்தால் இந்தக் களைப்பும் எரிச்சலும் பதற்றமும் வரலாம். தைராய்டு குறைந்தால் மாத்திரை போடுகிறோம், ஊரைக் கூட்டிச் சொல்கிறோம். இது குறைந்தால் மட்டும் பரம்பரையின் கொடிக்கம்பமே சாய்ந்துவிடுமா? திருமணமான புதிதில் குழந்தை தாமதமானபோது, மனைவியின் உடம்பில் செய்யாத பரிசோதனை இல்லை. இவரிடம் ஒரு சொட்டு ரத்தம் கேட்டதற்கு, "எங்க வம்சத்துல அப்படியெல்லாம் கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்தியவர்தான் நம் ஆள். வம்சத்தை யார் எப்போது பரிசோதித்தார்கள்?

மருத்துவரிடம் போவதற்கு முன்பே குதிரைப் படம் போட்ட பொடி ஒன்றைத் தபாலில் வரவழைத்திருந்தார். அதை எந்தக் குதிரையும் சாப்பிட்டதாகத் தகவல் இல்லை. வயிறு மட்டும் இரண்டு நாள் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது.

மருத்துவர் ஒரு பெண். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார், தைலம் எழுதினார், பயிற்சி சொன்னார். நம்மவர் ஒன்றையும் விடாமல் செய்தார். முழங்கால் இளைஞனின் முழங்கால் ஆயிற்று. மாடிப்படியைத் தாவி ஏறினார். ஏறிய வேகத்தில் சோபாவில் விழுந்து குறட்டை விட்டார்.

மூன்றாம் முறை மனைவியும் கூடவே கிளம்பிவிட்டாள்.

"இன்னும் வலிக்குதா?" என்றார் மருத்துவர்.

"லேசா ஒரு மாதிரி..."

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரிங்க?" என்றாள் மனைவி. பணிமனைக் குரல் அப்படியே வந்தது. "டாக்டர், அந்தக் காலை விடுங்க. சாப்பிட்ட கையோட தூங்கறாரு. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறாரு. எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசி மாசக்கணக்காச்சு. என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லட்டும். முழங்கால் எதுக்கு நடுவுல?"

நம்மவர் திடுக்கிட்டார். இப்படி ஒரு கணக்கு அவள் மனதில் ஓடும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"ஐயையோ, உன்னை இல்லம்மா!" என்று பதறினார். பிறகு மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துச் சொன்னார்: "மேடு ஏற இழுக்கலை, டாக்டர். ஆசையே வரமாட்டேங்குது. ரொம்ப நாளா."

மருத்துவர் சிரிக்கவில்லை. "இதைச் சொல்லவா இத்தனை எக்ஸ்ரே? காலையில வெறும் வயித்துல ரத்தம் கொடுங்க. குறைவா இருந்தா இன்னொரு தடவை பார்ப்போம். குறட்டை, எடை, சர்க்கரை எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் மருந்து. நிறைய பேருக்கு வர்றதுதான்."

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "ரத்தம் கொடுக்கறீங்களா, இல்ல வம்சத்தைக் கேட்டுச் சொல்றீங்களா?"

"நீயும் கூட வா" என்றார்.

வந்தாள். ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முழங்காலைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு முறையும் அளவு குறைவாகத்தான் வந்தது. சிகிச்சை நடக்கிறது, வம்சமும் பத்திரமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அச்சு அசல் இப்படித்தான்" என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே எதைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். முழங்கால்தானே?